எலிக்கு அதிகாலை 4 மணி

நர்ஸாக வேலை பார்க்கும் தோழி ஒருத்தி போன மாதம் கேட்டாள்: "நைட் ஷிஃப்ட் பார்த்தா கேன்சர் வரும்னு சொல்றாங்களே, நெசமா?" ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரே வார்த்தையில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. படித்துவிட்டுச் சொல்றேன் என்றேன். படிக்கப் போன இடத்தில் அஸீஸ் சஞ்சாரிடம் மாட்டிக்கொண்டேன்.

சஞ்சார் 1946இல் துருக்கியின் சாவூர் என்ற சிற்றூரில் பிறந்தவர். இஸ்தான்புல்லில் மருத்துவம் படித்து, சொந்த ஊர்ப்பக்கம் கொஞ்ச காலம் டாக்டராக இருந்துவிட்டு, அமெரிக்கா போய் மூலக்கூறு உயிரியலாளர் ஆனவர். அவருடைய களம் டி.என்.ஏ. பழுதுபார்ப்பு. புற ஊதாக் கதிர் பட்டால் டி.என்.ஏ.வில் பக்கத்துப் பக்கத்து எழுத்துகள் இரண்டு ஒட்டிக்கொள்ளும். செல் அந்த இடத்தின் இரண்டு பக்கமும் வெட்டி, ஏறக்குறைய 30 எழுத்து நீளமுள்ள துண்டை எடுத்துப் போட்டுவிட்டு, எதிர் இழையைப் பார்த்துப் புதிதாக நிரப்பிக்கொள்ளும். இதை விளக்கியதற்காக 2015 வேதியியல் நோபலில் அவருக்கும் பங்கு கிடைத்தது.

சரி, இதில் கடிகாரம் எங்கே வந்தது?

பாக்டீரியாவில் ஃபோட்டோலையேஸ் என்ற நொதி இருக்கிறது. வெளிச்சத்தின் சக்தியை வைத்தே அந்த ஒட்டலைப் பிரித்துவிடும். மனிதனிடம் அந்த நொதி கிடையாது. ஆனால் அதே சாயலில் இரண்டு ஜீன்கள் மட்டும் கிடைத்தன. அவற்றின் புரதங்களைச் சோதித்தால் எந்தப் பழுதையும் பார்க்கவில்லை. பின்னே எதுக்கு இருக்கு? 1996இல் விமானத்தில் ஜெட் லேக் பற்றிய கட்டுரை ஒன்றைப் படித்தபோதுதான் சஞ்சாருக்குப் பொறி தட்டியது: இவை உடல் கடிகாரத்தின் பாகங்களோ? ஆமாம், அவைதான் கிரிப்டோகுரோம் 1, 2. எலியில் முதலாவதை நீக்கினால் அதன் 'நாள்' சுமார் ஒரு மணி நேரம் குறைகிறது. இரண்டாவதை நீக்கினால் அதே அளவு கூடுகிறது. இரண்டையும் நீக்கி இருட்டில் வைத்தால் நாள் என்ற கணக்கே போய்விடுகிறது.

கடிகாரம் ஓடும் விதம் எளிமையானது. கிளாக், பிமால்1 என்ற இரண்டு புரதங்கள் சேர்ந்து பீரியட், கிரிப்டோகுரோம் ஜீன்களை முடுக்கிவிடும். அதனால் உருவாகும் புரதங்கள் மெல்லச் சேர்ந்து, திரும்பி வந்து, தங்களை முடுக்கியவர்களையே அடக்கும். பிறகு அவை சிதைந்து போக, ஆட்டம் மறுபடி தொடங்கும். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 24 மணி நேரம். இதே சுவிட்ச் வேறு பல ஜீன்களையும் ஆட்டிவைக்கிறது. அதில் எக்ஸ்.பி.ஏ. என்ற பழுதுபார்க்கும் புரதமும் ஒன்று.

2011இல் சஞ்சார் குழு ஒரு சோதனை செய்தது. ஒரே அளவு புற ஊதாக் கதிர். ஒரு கூட்டம் எலிகளுக்கு அதிகாலை 4 மணிக்கு, இன்னொரு கூட்டத்துக்கு மாலை 4 மணிக்கு. அதிகாலைக் கூட்டத்துக்குத் தோல் கட்டிகள் சுமார் ஐந்து மடங்கு வந்தன, சீக்கிரமாகவும் வந்தன. எலியின் தோலில் அந்த நேரத்தில் பழுதுபார்ப்பு மந்தம், டி.என்.ஏ. நகலெடுப்போ மும்முரம். ஓட்டையை அடைப்பதற்குள் பிரதி எடுத்துவிட்டால் தப்பு நிலைத்துவிடும். எலி இரவில் நடமாடும் பிராணி என்பதால் மனிதனில் இது தலைகீழாக இருக்கும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. எலியின் மணியை அப்படியே நம் கைக்கடிகாரத்தில் வைத்துவிடக் கூடாது.

அப்போ கடிகாரம் கெட்டால் கேன்சர், அவ்வளவுதானே? இங்கேதான் நானும் ஏமாந்தேன். பீரியட்2 ஜீன் பழுதான எலிகளுக்குக் கதிர்வீச்சுக்குப் பின் கட்டிகள் அதிகம் என்று 2002இல் ஹூஸ்டன் குழு ஒன்று காட்டியது. ஆனால் 2009இல் சஞ்சார் குழு, பி53 என்ற காவல் ஜீன் இல்லாத, கேன்சரால் சீக்கிரம் சாகும் எலிகளிடமிருந்து கிரிப்டோகுரோமையும் எடுத்துவிட்டது. அவை இன்னும் சீக்கிரம் சாக வேண்டும் அல்லவா? சுமார் ஒன்றரை மடங்கு காலம் வாழ்ந்தன! பழுதான செல்கள் தாமாகவே செத்துப்போவது சுலபமானதுதான் காரணம். ஆக, கடிகாரம் கெட்டதா என்பதைவிட எந்தப் பல்சக்கரம் கெட்டது என்பதே கேள்வி.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2007இலும், மறுபடி 2019இலும், இரவுப் பணியை 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது' என்ற பட்டியலில் வைத்தது. சிவப்பு இறைச்சியும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. அந்தப் பட்டியல் சான்று எவ்வளவு வலுவானது என்று சொல்கிறதே தவிர, ஆபத்து எவ்வளவு பெரியது என்று சொல்லவில்லை.

தோழிக்கு இதைத்தான் எழுதினேன்: "பயம் ஆதாரமில்லாதது இல்லை. ஆனா நைட் ஷிஃப்ட் பார்த்தா கேன்சர் வந்தே தீரும்னும் யாரும் காட்டல." அன்றைக்கும் அவளுக்கு நைட்தான். காலை ஏழரைக்குப் பதில் வந்தது: "சரி, படிச்சேன். இப்போ தூங்கப் போறேன்."