பெட்டிச்சாவி யாரிடம்? கணினிக்காரர்கள் எழுதிக்கொண்ட சங்க விதிகள்



சங்க விதிமுறைப் புத்தகம் என்று ஒன்று பீரோவில் இருக்கும். அதை நாம் வெளியில் எடுப்பது பெரும்பாலும் தகராறு வந்த அன்றுதான். தேர்தலை யார் நடத்துவது, கணக்கை யார் பார்ப்பது, கட்டடப் பத்திரம் யார் பெயரில் என்ற கேள்விகள் அப்போதுதான் கிளம்பும். இதே கேள்விகளுக்கு, ஒருவரையொருவர் நேரில் பார்த்தேயிராத பலர் முன்கூட்டியே விதி எழுதிக்கொண்டு கால் நூற்றாண்டுக்கு மேலாக ஒரு சங்கத்தை நடத்தி வருகிறார்கள். டெபியன் என்னும் மென்பொருள் குழுவினர் அவர்கள். ஏதோ அயல்நாட்டுச் சமாசாரம் என்று தள்ளிவிட வேண்டாம். 2023 சனவரியில் நமக்கு அடுத்த விழுப்புரத்திலேயே இவர்களது கூட்டம் ஒன்று நடந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் உலக மாநாடு கொச்சியில் கூடியது. தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய இலவச மடிக்கணினிகளில் விண்டோசுடன் இருந்த 'பாஸ்' என்ற இயங்குதளத்தைச் சென்னை சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டே உருவாக்கியது.

திறந்த மூல மென்பொருள் என்றால் என்ன? நாம் விற்கும் சாம்பார்ப் பொடிப் பொட்டலத்தின் மேல், மல்லி இத்தனை, மிளகாய் இத்தனை, வறுக்கும் பக்குவம் இன்னது என்று முழுதும் அச்சிட்டு, "யாரும் அரைக்கலாம், மாற்றலாம், விற்கலாம்" என்றும் போட்டுவிட்டால் எப்படியோ அப்படி. முதலாளி என்று ஒருவர் கிடையாது. பொடியில் பெருங்காயம் சேர்ப்பதா வேண்டாமா என்று பத்துப் பேருக்குள் சண்டை வந்தால் தீர்ப்பு யார் சொல்வது? சிக்கல் அங்கேதான்.

டெபியனை 1993 ஆகஸ்டு 16இல் தொடங்கியவர் அமெரிக்க மாணவர் இயன் மர்டாக். 1996இல் அவர் விலகி, பொறுப்பை வேறொருவரிடம் கொடுத்துச் சென்றார். அந்நாளில் தலைமை என்பது இப்படிக் கைமாற்றிக் கொடுக்கும் பொருளாகவே இருந்தது. ஆள் பெருகப் பெருக இது சரிப்படவில்லை. இயன் ஜாக்சன் தலைவராயிருந்த 1998இல், டிசம்பர் 2ஆம் நாள், உறுப்பினர்கள் ஓர் அமைப்பு விதியை ஏற்றனர். அதுமுதல் தலைவர் பதவி ஓராண்டுதான், ஆண்டுதோறும் தேர்தல்.

வாக்குச்சீட்டில் வேட்பாளர்களை முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என்று வரிசைப்படுத்த வேண்டும். "இவர்களில் எவருமில்லை" என்பதும் சீட்டில் ஓர் இடம் பெறும். நம் நாட்டுத் தேர்தலில் நோட்டா வந்தது 2013இல்; இவர்கள் 1998இலேயே அதை எழுதிவிட்டனர். நம்முடைய நோட்டா வென்றவரைக் கீழே இறக்காது. இவர்களுடையதோ இறக்கும்.

கோரம் கணக்கு சுவையானது. உறுப்பினர் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை எடுத்து ஒன்றரையால் பெருக்க வேண்டும். ஆயிரம் பேர் என்றால் 48 வரும். நூறு பேர் என்றால் 15. ஒரு தீர்மானத்துக்கு அத்தனை பேர் ஆதரவாவது இல்லையென்றால் அது எண்ணிக்கைக்கே வராது. மூன்றில் ஒரு பங்கு என்று எழுதிவைத்துவிட்டுக் கூட்டம் சேராமல் ஒத்திவைத்து, ஒத்திவைத்த கூட்டத்தில் பன்னிரண்டு பேரை வைத்து எல்லாவற்றையும் நிறைவேற்றும் வழக்கத்துக்கு இது எவ்வளவோ மேல்.

எனக்கு மிகவும் பிடித்த விதி வேறு. தலைவர் ஒரு வேலையை ஒருவரிடம் ஒப்படைக்கலாம். அவரை மாற்றவும் செய்யலாம். ஆனால் "நான் சொன்னபடி முடிவெடுத்தால்தான் உனக்குப் பொறுப்பு" என்று நிபந்தனை போட முடியாது. அவர் எடுத்துவிட்ட முடிவைத் தலைவர் தம் விருப்பப்படி ரத்து செய்யவும் முடியாது. பொருளாளரைப் பெயருக்கு வைத்துவிட்டுக் கையெழுத்தை மட்டும் வாங்கும் தலைவர்களைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும். அதேபோல், சம்பளமில்லாத உறுப்பினரை எந்த வேலையும் செய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. ஆனால் முறைப்படி எடுத்த முடிவுக்குக் குழிபறிக்கவும் அவருக்கு உரிமையில்லை.

பணம் எங்கே இருக்கிறது? தலைவர் பையில் இல்லை. 1997இல் நியூயார்க்கில் பதிவான ஓர் இலாப நோக்கற்ற நிறுவனம் டெபியனின் நன்கொடையை வைத்திருக்கிறது. பிரான்சில் டெபியன் பிரான்ஸ் என்ற சங்கம் அவ்வேலையைச் செய்கிறது. அது 1901ஆம் ஆண்டு பிரெஞ்சுச் சங்கச் சட்டப்படி அமைந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பங்கள் உள்ள நம் ஊரில் "லுவா 1901" என்றால் தெரிந்தவர் பலர் இருப்பர்.

பெயரும் பத்திரமும் தனியார் கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் இவர்களது உலகத்திலேயே சான்று உண்டு. ஃப்ரீநோட் என்பது ஆயிரக்கணக்கான மென்பொருள் குழுக்கள் கூடிப் பேசிய இணையச் சாவடி. நடத்தியவர்கள் தொண்டர்கள், பெயரோ ஒரு கம்பெனியிடம். கட்டுப்பாடு யாருக்கு என்ற தகராறு முற்றி, 2021 மே மாதம் தொண்டர்களில் பெரும்பாலோர் ஒட்டுமொத்தமாக வெளியேறினர். பழகிய பெயரையும் முகவரியையும் விட்டுவிட்டு லிபெரா சாட் என்று புதிதாகத் தொடங்கினர். இம்முறை சுவீடனில் முறையான சங்கமாகப் பதிவு செய்துகொண்டனர். கடைப்பலகை கைவிட்டுப் போவது என்றால் என்ன என்பது நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பைத்தான் என்ற கணினி மொழியின் கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதைப் படைத்த குயிடோ வான் ரோசம், ஒரு மாற்றம் பற்றிய நெடிய வாக்குவாதத்துக்குப்பின் 2018 சூலையில் பொறுப்பிலிருந்து விலகினார். வாரிசாக எவர் பெயரையும் சொல்லவில்லை. உறுப்பினர்கள் பல திட்டங்களை வைத்து அவ்வாண்டு டிசம்பரில் வாக்களித்து, ஐவர் குழு என்று முடிவு செய்தனர். ஒரே நிறுவனத்தில் வேலை பார்ப்பவர் இருவருக்கு மேல் அக்குழுவில் இருக்கக் கூடாது. இந்த ஒரு வரியை நம் செயற்குழு விதியிலும், ஒரே குடும்பக் கடைகளுக்குப் பொருந்துமாறு, சேர்த்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

விதிகள் கல்வெட்டும் அல்ல. டெபியனில் அமைப்பு விதியைத் திருத்த, எதிர்ப்பவர் ஒருவருக்கு ஆதரிப்பவர் மூவர் வேண்டும். முன்பெல்லாம் பொதுத் தீர்மானங்களில் யார் எப்படி வாக்களித்தார் என்பது வெளியிடப்பட்டது. 2022இல் அதை இரகசிய வாக்காக மாற்றிக்கொண்டனர். கடனுக்குச் சரக்கு தரும் மொத்த வியாபாரி எதிரில் அமர்ந்திருக்க, சில்லறைக் கடைக்காரர் கை தூக்கி வாக்களிக்கும் நம் பொதுக்குழுக்களுக்கும் இது யோசிக்க வேண்டிய விஷயம்.

புதுவையில் சங்கங்கள் பதிவாவது 1860ஆம் ஆண்டுச் சட்டப்படி. துணை விதிகளைத் திருத்துவதற்கு அவரவர் விதிப்புத்தகம் சொல்லும் வழியே வழி. சங்கத்தின் நோக்கத்தையே மாற்றுவதானால், முன்மொழிவை எழுத்திலோ அச்சிலோ சிறப்புக் கூட்டத்துக்குப் பத்து நாள் முன்பே உறுப்பினர்க்குச் சேர்ப்பித்து, ஐந்தில் மூன்று பங்கு வாக்குப் பெற்று, ஒரு மாதம் கழித்து இரண்டாவது சிறப்புக் கூட்டத்திலும் அதே அளவு வாக்கால் உறுதிசெய்ய வேண்டும். திருத்தம் கொண்டுவர எண்ணும் சங்கத்தினர் இந்த நாட்களைக் கணக்கிட்டு, தேர்தல் அறிவிப்பு வருவதற்கு முன்பே வேலையைத் தொடங்குவது நலம்.