திங்கட்கிழமை மேட்னி

பெரிய படம் ஒன்று வெளியானால் ஆய்க்குடியில் என்னைப் பார்க்கிறவர்கள் கேட்பது ஒன்றுதான்: "படம் ஓடுமா அண்ணாச்சி?" வெள்ளிக்கிழமை நான் வாயைத் திறக்கமாட்டேன். சனி, ஞாயிறும் அப்படித்தான். திங்கட்கிழமை மேட்னிக்கு எத்தனை டிக்கெட் கிழிந்தது என்று தென்காசிக்கு ஒரு போன் போட்டுக் கேட்ட பிறகுதான் பதில் சொல்வேன். இருபத்தைந்து வருஷம் பட விநியோகத்தில் ரெப்பாக இருந்தவனுக்கு வேறு ஜோசியம் தெரியாது.

ரெப் என்றால் யார் என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரிய நியாயமில்லை. படப்பெட்டியோடு விநியோகஸ்தர் அனுப்பும் ஆள். திருநெல்வேலியில் பெட்டியை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்து, தியேட்டரிலேயே கிடந்து, ஒவ்வொரு காட்சிக்கும் டிக்கெட் புத்தகத்தின் முதல் நம்பரையும் கடைசி நம்பரையும் குறித்துக்கொள்ள வேண்டும். வரியைக் கழித்து, தியேட்டர் பங்கு போக விநியோகஸ்தர் பங்கு எவ்வளவு என்று போட்டு, இரவு ஆட்டம் முடிந்ததும் டி.சி.ஆர். எழுத வேண்டும். அன்றாட வசூல் கணக்குக்கு அதுதான் பெயர். கார்பன் வைத்து மூன்று பிரதி. தியேட்டர் வாசலில் தோரணமும் கட்அவுட்டும் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அந்தத் தாளில் ஏறுவது நம்பர் மட்டும்தான்.

பட வியாபாரத்தில் தமிழ்நாட்டை ஏரியா ஏரியாவாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். சென்னை, செங்கல்பட்டு, இரண்டு ஆற்காடுகள், கோவை, சேலம், திருச்சி தஞ்சாவூர் சேர்ந்த டி.டி., மதுரை ராமநாதபுரம் சேர்ந்த எம்.ஆர். எங்கள் பக்கம் டி.கே., அதாவது திருநெல்வேலி கன்னியாகுமரி. 2019-ல் தென்காசி தனி மாவட்டமாகிவிட்டது. படக்காரர்கள் கணக்கில் நாங்கள் இன்னும் டி.கே.தான். தயாரிப்பாளர் படத்தை எடுத்து, இந்த ஏரியாக்களுக்குத் தனித்தனியாக விலை பேசி விற்பார். அந்த விலையில்தான் எல்லாம் இருக்கிறது.

இதை விளக்க எனக்குக் குற்றாலத்தைவிட நல்ல உதாரணம் கிடைக்கவில்லை. ஆனி பிறந்து சாரல் கட்டுவதற்கு முன்பே சீசன் கடைகளை ஏலம் விடுவார்கள். என் மைத்துனர் பல வருஷம் அங்கே நேந்திரம் சிப்ஸும் துண்டும் விற்றவர். ஏலத்தில் நிற்கும்போது அருவியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்காது. போன வருஷக் கூட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் நிற்பவன் கேட்கிறானே என்ற வேகத்தில் தொகையை ஏற்றிக்கொண்டே போவார்கள். தண்ணீர் விழுந்தால் லாபம். சாரல் பொய்த்தால் கட்டிய பணம் போனதுதான். ஆனால் ஏலத் தொகை மிதமிஞ்சிப் போன வருஷத்தில், தண்ணீர் நன்றாகவே விழுந்தும் அவர் நஷ்டப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன். கடை முன்னால் கூட்டம் அலைமோதும், கல்லாவும் நிறையும், கணக்குப் பார்த்தால் கைப்பணம் போயிருக்கும்.

படத்தில் இதற்குப் பெயர் எம்.ஜி. இந்த ஏரியாவில் எப்படியும் இவ்வளவு வரும் என்று உறுதி கொடுத்து விநியோகஸ்தர் முன்பணம் கட்டிவிட வேண்டும். வந்தாலும் வராவிட்டாலும் அந்தப் பணம் தயாரிப்பாளருடையது. அவுட்ரைட் என்று மொத்தமாக விலைக்கு வாங்குவதும் உண்டு. குறைந்தால் திருப்பித் தருகிற அட்வான்ஸ் முறையும் உண்டு. பெரிய நட்சத்திரப் படம் என்றால் முதல் இரண்டு வழியில்தான் கேட்பார்கள். விநியோகஸ்தர் அதில் கொஞ்சத்தைத் தியேட்டர்காரர் தலையில் இறக்குவார். தியேட்டர்காரர் சைக்கிள் ஸ்டாண்டு, கேன்டீன் குத்தகைக்காரரிடம் அட்வான்ஸ் வாங்குவார். படம் விழுந்தால் முறுக்கு விற்கிறவர் வரைக்கும் வலிக்கும்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு தீபாவளி. படத்தின் பெயர் வேண்டாம். பெரிய நடிகர், பெரிய செலவு. எங்கள் விநியோகஸ்தர் அண்ணாச்சி வீட்டுப் பத்திரத்தை வைத்து டி.கே. ஏரியாவை வாங்கியிருந்தார். நான் சுரண்டையில் ஒரு தியேட்டரில் இருந்தேன். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் பெஞ்சு டிக்கெட்டுக்கு அடிதடி. திங்கட்கிழமை மேட்னிக்கு மணி அடித்து அரை மணி கழிந்தும் டிக்கெட் கொடுக்கும் பொந்துக்கு முன்னால் ஆள் இல்லை. மழையும் இல்லை. இடைவேளையில் எஸ்.டி.டி. பூத்துக்கு நடந்து போய் போன் போட்டேன்.

"எத்தன விழுந்திருக்கு?"

"நாப்பத்தொண்ணு அண்ணாச்சி."

"எந்த ஷோவச் சொல்லுத? நேத்து செகண்ட் ஷோவா?"

"இன்னைக்கு மேட்னி அண்ணாச்சி."

கொஞ்ச நேரம் பூத்தில் மீட்டர் மட்டும் ஓடியது. பிறகு அவர் கேட்டார்: "சாப்பிட்டியாடே?"

அந்தக் குரல் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. அடுத்த நாளே தியேட்டர்காரர்கள் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டு அவர் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார்கள். யாரையும் அவர் விரட்டவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து முடித்தார். வீடு போயிற்று.

அந்தப் படம் மோசமான படமா? டி.சி.ஆர். தாள்களை எல்லாம் கூட்டிப் பார்த்தேன். அண்ணாச்சி கொடுத்த விலையில் பாதிக்கு வாங்கியிருந்தால், அதே டிக்கெட், அதே வசூலில் எங்களுக்கு லாபம். ஊர் அதை வெற்றிப் படம் என்று சொல்லியிருக்கும். படம் பார்க்க வந்த ஜனம் அதே ஜனம்தான். இதை நான் யாரிடம் சொன்னாலும் ஏற்றுக்கொள்ள யோசிப்பார்கள். கதை சரியில்லை, இரண்டாம் பாதி இழுவை என்றுதான் பேச்சு போகும். அவையும் உண்மைதான். ஆனால் படம் வெளியாவதற்கு முன்பே, விலை பேசிய அறையிலேயே பாதித் தோல்வி எழுதப்பட்டுவிடுகிறது.

ரஜினிகாந்தின் ‘பாபா’ 2002 ஆகஸ்ட் 15-ல் வந்தது. அவரே தயாரித்த படம். எதிர்பார்த்தபடி ஓடாததால் நஷ்டப்பட்டவர்களுக்குப் பணம் திருப்பிக் கொடுத்தார். எங்கள் தொழிலில் அது இன்றும் மரியாதையாகப் பேசப்படுகிறது. 2014 டிசம்பர் 12-ல் அவருடைய ‘லிங்கா’ வந்தபோது கதை வேறு. அந்தப் படம் வருஷக்கணக்கில் இழுக்கவில்லை. மே மாதம் மைசூரில் தொடங்கி டிசம்பரில் திரைக்கு வந்துவிட்டது. கூட்டமும் வந்தது. ஆனாலும் விநியோகஸ்தர்கள் 2015 ஜனவரியில் சென்னையில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். வாங்கிய விலைக்கு வசூல் காணவில்லை என்பதுதான் அவர்கள் முறையீடு.

இது புதிதாக வந்த நோயும் இல்லை. ஜெமினி எஸ்.எஸ். வாசன் 1948-ல் ‘சந்திரலேகா’வைக் கொண்டுவந்தார். அந்தக் காலத்தில் 30 லட்சம் ரூபாய் விழுங்கிய படம். முரசு நடனத்தைப் பார்க்க ஜனம் திரண்டது. அப்படியும் தமிழில் வந்த வசூல் போட்ட பணத்துக்குக் காணவில்லை. வாசன் முடங்கிவிடவில்லை. அதே வருஷம் டிசம்பரில் இந்தியில் கொண்டுபோய் வடக்கே ஓட்டிப் பணத்தை மீட்டார். அமெரிக்காவில் 1963-ல் வந்த ‘கிளியோபாட்ரா’ அந்த வருஷம் அங்கே அதிக வசூல் செய்த படம். செலவு அதற்கும் மேலே போயிருந்ததால் முதல் ஓட்டத்தில் போட்ட பணம் திரும்பவில்லை. சுரண்டையில் நான் கூட்டிப் பார்த்த கணக்குத்தான், தொகை மட்டும் பெரிது.

சரி, செலவு ஏன் இப்படி ஏறுகிறது? வட்டியில் இருந்து தொடங்குகிறேன். சினிமாவுக்கு வங்கி எளிதில் கடன் தராது. பைனான்சியர்தான். நம் ஊர்க் கணக்கில் இரண்டு வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு கோடி வாங்கினால் மாதம் 2 கோடி, வருஷத்துக்கு 24 கோடி. படப்பிடிப்பு ஒரு வருஷம் தள்ளிப்போனால் அந்த 24 கோடி திரையில் ஒரு அடி ஃபிலிமாகக்கூடத் தெரியாது. ‘இந்தியன் 2’ படப்பிடிப்பு 2019 ஜனவரியில் தொடங்கியது. 2020 பிப்ரவரியில் கிரேன் சாய்ந்து மூன்று பேர் உயிரிழந்தார்கள். அந்த மூன்று உயிருக்கு எந்தக் கணக்கும் ஈடாகாது. பிறகு கொரோனா, பிறகு தயாரிப்பாளருக்கும் இயக்குநருக்கும் நீதிமன்ற வழக்கு. நடித்த விவேக்கும் நெடுமுடி வேணுவும் 2021-ல் காலமானார்கள். 2024 ஜூலை 12-ல் படம் மூன்று மணி நேர நீளத்தில் வந்து, வெளியான பிறகு குறைக்கப்பட்டது. ஐந்து வருஷத்தில் பார்வையாளன் மாறியிருப்பான். 1996 ‘இந்தியனை’ முதல் நாள் பார்த்தவர் தாத்தா ஆகியிருப்பார்.

தாமதமே எமன் என்று சொல்லவும் முடியாது. 2013 பொங்கலுக்கு வரவேண்டிய ‘மதகஜராஜா’ 12 வருஷம் பெட்டியில் கிடந்து 2025 பொங்கலுக்கு வந்து நன்றாகவே ஓடியது. ஜனம் சிரித்துவிட்டுப் போனது, அவ்வளவுதான்.

அடுத்தது சம்பளம். செலவில் பெரும்பங்கு நாயகனுக்குப் போய்விட்டால் மீதியில்தான் படம் எடுக்க வேண்டும். செலவு செய்வதை நான் குறை சொல்லவில்லை. ஆய்க்குடிக்குப் பக்கத்தில் சுந்தரபாண்டியபுரம். ‘ரோஜா’ எடுத்த ஊர். அங்கே ஒரு பாறையை ‘அந்நியன் பாறை’ என்று வெளியூர்க்காரர்கள் தேடிக்கொண்டு வருவார்கள். 2005-ல் வந்த ‘அந்நியன்’ படத்தின் ஒரு பாட்டுக்காக அந்தப் பாறையில் நடிகர்கள் முகத்தைப் பெரிது பெரிதாக வரைந்தார்கள். ஆவணியில் சுற்றிலும் சூரியகாந்தி பூத்து நிற்கும்போது நான் அங்கே போய் நிற்பதுண்டு. வெயிலும் சாரலும் பட்டுச் சாயம் வெளுத்தாலும் எத்தனையோ வருஷம் அந்த முகங்கள் அடையாளம் தெரிந்தன. அந்தக் காசு டிக்கெட் வாங்கியவன் கண்ணுக்குத் தெரிந்தது. பார்த்துவிட்டு வந்து நாலு பேரிடம் சொன்னான். எடுத்தவர் ‘இந்தியன் 2’ எடுத்த அதே ஷங்கர்தான். காசு திரையில் விழுந்தால் ஜனம் மதிக்கும். வட்டிக்கும் சம்பளத்துக்கும் போன காசை யாரும் விசிலடித்து வரவேற்பதில்லை.

வசூல் போஸ்டரைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். நூறு ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். அதோடு உள்ளாட்சிக் கேளிக்கை வரி. மிச்சத்தில் தியேட்டர் பங்கு, பிறகு விநியோகஸ்தர் பங்கு. ‘நூறு கோடி’ என்று சுவரில் ஒட்டியிருந்தால் தயாரிப்பாளர் கைக்குப் போவது பாதிகூடத் தேறாது.

இதற்கெல்லாம் மேலே ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. என் காலத்தில் பிரிண்ட் கொஞ்சம்தான். முதலில் திருநெல்வேலி, அப்புறம் தென்காசி, அப்புறம்தான் சின்ன ஊர்கள். சில சமயம் ஒரே பெட்டியை இரண்டு தியேட்டருக்கு ரீல் ரீலாக சைக்கிளில் மாற்றிக்கொண்டிருப்போம். படம் சுமாராக இருந்தாலும் அடுத்த ஊருக்குப் போகும்போது அதற்கு ஒரு வாழ்வு மிச்சமிருக்கும். இப்போது டிஜிட்டல். ஒரே காலையில் எல்லா ஊரிலும் வெளியீடு. முதல் காட்சி இடைவேளையிலேயே செல்போனில் தீர்ப்பு வந்துவிடுகிறது. 2024 நவம்பர் 14-ல் ‘கங்குவா’ வந்தபோது சத்தம் காதை அடைக்கிறது என்ற பேச்சு மதியத்துக்குள் ஊர் பூராவும் பரவிவிட்டது. பிறகு ஒலியைக் குறைத்தார்கள், சில நிமிஷங்களை வெட்டினார்கள். அதற்குள் திங்கட்கிழமை வந்துவிட்டது. அதே சமயம் தீபாவளிக்கு வந்த ‘அமரன்’ மூன்றாவது வாரத்திலும் குடும்பம் குடும்பமாக ஆளைக் கூட்டிக்கொண்டிருந்தது.

ஓடாத படமெல்லாம் மட்டமான படம் என்று நினைத்துவிடக் கூடாது. ‘அன்பே சிவம்’ 2003 பொங்கலுக்கு வந்து விழுந்தது. அதே பொங்கலுக்கு வந்த ‘தூள்’ தூள் கிளப்பியது. இன்றைக்கு ‘அன்பே சிவம்’ படத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறவர்களில் பாதிப்பேர் அன்று டிக்கெட் வாங்கியிருந்தால் போதும் என்று எனக்குத் தோன்றும். நாங்கள் விற்றது டிக்கெட்டைத்தான்.

என்னைக் கேட்டால், நாயகன் சம்பளத்தில் ஒரு பகுதியாவது வசூலோடு கட்டிப்போட வேண்டும். எம்.ஜி.யை விட்டுவிட்டு, குறைந்தால் திருப்பித் தரும் அட்வான்ஸில் படம் கொடுக்க வேண்டும். அப்போது திங்கட்கிழமை மேட்னியைப் பற்றிக் கவலைப்பட அண்ணாச்சி ஒருத்தர் மட்டும் இருக்கமாட்டார். எடுத்தவர், நடித்தவர் எல்லாரும் போன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள்.

போன பரீட்சை லீவில் பக்கத்து வீட்டு மதினி கேட்டாள், புதுப் படத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று. அவள் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறார். நாலு டிக்கெட், தென்காசிக்குப் போக வர பஸ், இடைவேளையில் பிள்ளைகளுக்கு ஏதாவது என்று விரல் விட்டு எண்ணினாள். ஆயிரம் ரூபாய் ஆகிவிடும் போலிருந்தது.

"நல்லாருக்குன்னு சொல்லுதாவளா அண்ணாச்சி?"

"திங்கக்கிழம பாத்துட்டுச் சொல்லுதேன் மதினி."

"சரி, கூட்டம் இருந்தாச் சொல்லுங்க. செவ்வாக்கிழம காலைல சீக்கிரம் சோறாக்கி வச்சுட்டு நாங்க கெளம்பிருதோம்."