துடைப்பம் யார் கைக்குப் போகிறது?

என் தங்கை மகள் நான்காம் வகுப்பு படிக்கிறாள். கோடை விடுமுறை விடும் நாளில் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். ஆசிரியை கொடுத்ததாம். மேலே ‘என்னால் முடியும்’ என்று தலைப்பு. கீழே பன்னிரண்டு வேலைகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கட்டம். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைப்பது, சட்டைக்குப் பொத்தான் தைப்பது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, பேருந்தின் பெயர்ப்பலகையைப் படித்துச் சொல்வது, பெரியவர்களிடம் தயங்காமல் ஒரு கேள்வி கேட்பது என்று போகிறது பட்டியல். செய்து முடித்தால் பள்ளி திறந்ததும் சான்றிதழ்.

“மாமா, இதுல ஒம்பது எனக்கு இப்பவே தெரியும். இதுக்கா சான்றிதழ்?” என்று கேட்டாள்.

கேட்டதில் தப்பில்லை. அவள் அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கப் போகிறவள். வடலூர், பண்ருட்டிப் பக்கம் இருப்பவர்களுக்கு அந்த வேலை தெரியும். கொட்டையின் பால் பட்டுப் பட்டு விரல் தோல் உரிந்துபோகும். காலையில் அம்மா கிளம்பியதும் தண்ணீர் பிடிப்பது, வாசல் கூட்டுவது, தம்பிக்குச் சோறு ஊட்டிப் பால்வாடிக்கு அனுப்புவது எல்லாம் இந்தப் பிள்ளைதான். காலனிப் பிள்ளைகள் பாதிப் பேர் இப்படித்தான்.

சின்னப் பிள்ளைகளுக்கு வேலைகளைச் சவாலாகக் கொடுத்துப் பழக்குவது புதிய யோசனை அல்ல. சாரணர் இயக்கத்தில் தொடக்கப் பள்ளி வயதுக்கென்றே குருளையர், நீலப்பறவையர் பிரிவுகள் உண்டு. படிப்படியாகத் தேறி, கடைசியில் தங்க அம்பு விருது வரை போகலாம். இங்கிலாந்தில் 2018இல் கல்வித்துறையே தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு பட்டியல் வெளியிட்டது. ஒரு பண்ணையைப் போய்ப் பார், இரவில் நட்சத்திரங்களைப் பார் என்றெல்லாம் அதில் இருந்தது. கரண்டு போனால் வாசலில் பாய் விரித்துப் படுக்கும் நம் பிள்ளைகள் அந்தக் கட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நிரப்பிவிடுவார்கள்.

இப்படிப்பட்ட தாள்களை நான் வரவேற்கிறேன். வீட்டில் செய்யும் வேலையும் ஒரு திறமைதான் என்று பள்ளிக்கூடம் ஒப்புக்கொள்வது நம் பிள்ளைகளுக்கு நல்லது. தட்டைக் கழுவியே அறியாத வசதியான வீட்டுப் பையனுக்கு அது இன்னும் நல்லது. ஆனால் அந்தத் தாளில் ஏழாவதாக ஒரு வரி இருந்தது: ‘வகுப்பறையைக் கூட்டுவேன்.’ அதைப் படித்ததும் எனக்கு என் பள்ளிக்கூடம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

1867இல் வள்ளலார் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்றுவரை அணையவில்லை என்று பெருமை பேசும் ஊர் எங்களுடையது. சாதி பார்க்காமல் சோறு போடும் அந்த இடத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் நான் படித்த தொடக்கப் பள்ளியில் (பெயர் வேண்டாம்) கூட்டுவதற்கு முறை என்று எதுவும் கிடையாது. மணி அடித்ததும் வாத்தியார் நாலைந்து பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அத்தனை பேரும் எங்கள் தெரு. பானையில் தண்ணீர் மொண்டு வைக்க மட்டும் எங்களைக் கூப்பிட்டதே இல்லை. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை. நன்றாகக் கூட்டுகிறேன் என்று வாத்தியார் பாராட்டியபோது மகிழ்ந்துகூடப் போனேன். அதை இன்று நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

அது பழைய கதை என்று சொல்லிவிட முடியாது. ஈரோடு மாவட்டம் பெருந்துறைப் பகுதியில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்ததாகப் புகார் எழுந்து, தலைமை ஆசிரியை கைது செய்யப்பட்டது 2022 டிசம்பரில்தான். ஜப்பானில் எல்லாப் பிள்ளைகளும் முறை வைத்துத் தங்கள் வகுப்பறையைத் தாங்களே துடைக்கிறார்கள் என்று நம் ஊர் மேடைகளில் அடிக்கடி சொல்வார்கள். அங்கே முறை இருக்கிறது. இங்கே முறை இல்லாத இடத்தில் சாதி வந்து உட்கார்ந்துகொள்கிறது.

‘வாழ்க்கைக்கு உதவும் கல்வி’ என்ற பேச்சை நம் அப்பா, தாத்தா காலத்திலும் கேட்டிருக்கிறார்கள். 1953இல் முதலமைச்சர் ராஜாஜி கிராமத் தொடக்கப் பள்ளிகளில் வகுப்பு நேரத்தை மூன்று மணி நேரமாகக் குறைத்தார். மீதி நேரம் பிள்ளைகள் வீட்டில் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும் என்பது திட்டம். பெரியார் அதைக் குலக்கல்வித் திட்டம் என்றார். அந்தப் பெயர்தான் நிலைத்தது. எதிர்ப்பு வலுத்து, ராஜாஜி பதவி விலகி, காமராஜர் முதல்வரான கையோடு 1954 மே மாதம் திட்டம் கைவிடப்பட்டது. அந்தச் சண்டை தோற்றிருந்தால் நம்மில் எத்தனை பேர் பட்டம் வாங்கியிருப்போம்? நான் தமிழ் முதுகலை படித்திருக்க மாட்டேன்.

சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரில் கல்விக் கழகம் தொடங்கியபோது, நம் பிள்ளைகளுக்கு நாற்று நடவோ கதிர் அறுக்கவோ தெரியாமல் இல்லை. அவர்களுக்குக் கிடைக்காமல் செய்திருந்தது எழுத்து. ஆகவே வேலைத் திறன் என்று யார் பேசினாலும், அது படிப்பு நேரத்தைத் தின்கிறதா என்று நாம் பார்த்துக்கொள்ள வேண்டும். 2016இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டம், பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவலாம் என்கிறது. ‘உதவி’ என்ற சொல் எவ்வளவு தூரம் இழுபடும் என்பது முந்திரி உடைக்கும் வீடுகளுக்குத் தெரியும்.

உலக சுகாதார நிறுவனம் 1990களில் வாழ்க்கைத் திறன்கள் என்று பத்து வகுத்தது. அதில் பொத்தான் தைப்பது இல்லை. தன்னை அறிதல், பிறர் நிலையில் நின்று உணர்தல், சரியா தவறா என்று ஆராய்ந்து பார்த்தல், முடிவெடுத்தல், தயங்காமல் பேசுதல் போன்றவைதான் இருக்கின்றன. இதற்கு நம் மாவட்டத்திலேயே ஒரு பாடம் உண்டு. காட்டுமன்னார்கோயில் எல்.இளையபெருமாள் பள்ளியில் படித்த காலத்தில், தலித் மாணவர்களுக்குத் தனித் தண்ணீர்ப் பானை வைத்திருந்தார்கள். அவர் அந்தப் பானையை உடைத்தார். வேறு பானை வைத்தபோது அதையும் உடைத்தார். கடைசியில் தனிப்பானை வழக்கமே அங்கே ஒழிந்தது. அந்தப் பையன்தான் பிறகு நாடாளுமன்றம் போய், 1965இல் அமைத்த தீண்டாமை பற்றிய அகில இந்தியக் குழுவுக்குத் தலைவராகி, 1969இல் அறிக்கை கொடுத்தவர். எந்தத் தாளில் இதற்குக் கட்டம் போடுவார்கள்?

பானை உடைக்கச் சொல்லி இன்று எந்தப் பிள்ளையையும் அனுப்ப வேண்டியதில்லை. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009, பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும், நலிந்த பிரிவினருக்கு அவர்கள் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப இடம் தர வேண்டும் என்கிறது. அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு பிள்ளைகளை அடிப்பதையும் மனத்தை நோகடிப்பதையும் தடை செய்கிறது. குழுக் கூட்டத்தில் கேட்க வேண்டியது சின்ன விஷயம்தான். கூட்டுவது, தண்ணீர் எடுத்து வைப்பது, தட்டு அடுக்குவது எல்லாவற்றுக்கும் வருகைப் பதிவேட்டு வரிசைப்படி முறை வைத்துச் சுவரில் ஒட்டுங்கள். ஆண் பிள்ளை, பெண் பிள்ளை, ஊர்த்தெரு, காலனி எல்லாம் அந்த ஒரே வரிசையில் வரட்டும். கழிப்பறை கழுவுவது பிள்ளைகளின் வேலையே அல்ல, அதற்குச் சம்பளம் கொடுத்து ஆள் வையுங்கள்.

என் தங்கையும் அந்தக் குழுவில் ஓர் உறுப்பினர். பெயர் இருக்கிறதே தவிர, இதுவரை இரண்டு கூட்டத்துக்குத்தான் போயிருக்கிறாள். போனால் அரை நாள் கூலி போய்விடும். தாளின் ஏழாவது வரியை அவளிடம் காட்டி, நான் வாத்தியாரிடம் பாராட்டு வாங்கிய கதையையும் சொன்னேன். அவளும் அதே பள்ளியில் கூட்டியவள்தான். ஜூன் மாதக் கூட்டத்துக்குக் கட்டாயம் போகிறேன் என்றாள். கேட்க வேண்டியதை எழுதித் தரச் சொன்னாள். எழுதியது அவள் மகள்.