ஊசியை நிறுத்துவதா முக்கியம்? சர்க்கரை நிலையாக நிற்பதா?

சர்க்கரை நோய் என்றாலே 'ஏறிப் போச்சே!' என்றுதான் எல்லோரும் பயப்படுகிறோம். 'இறங்கிப் போச்சு' என்றால், ஒரு ஸ்பூன் சர்க்கரையோடு விஷயம் முடிந்ததாக நினைத்துவிடுகிறோம்.

பெரும்பாலும் சிறு வயதில் ஆரம்பிக்கும் டைப்-1 நீரிழிவில் கதையே வேறு. பல வருஷமாக இன்சுலின் போட்டுக்கொள்பவர்களில் சிலருக்கு, ராத்திரி தூக்கத்திலேயே சர்க்கரை 50-க்குக் கீழே இறங்கிவிடும். வியர்வை, படபடப்பு, கை நடுக்கம் என்று உடம்பு கொடுக்கும் எச்சரிக்கைகூட நாளடைவில் மழுங்கிப் போகும். நேரே மயக்கம், வலிப்பு! பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து.

இப்படிப்பட்டவர்களுக்காக வந்ததுதான் 'திட்டு மாற்று சிகிச்சை'.

அது என்ன திட்டு?

இரைப்பைக்குப் பின்னால் இருக்கிறது கணையம். அதன் பெரும்பகுதி ஜீரண நீரைச் சுரக்கிறது. நடுநடுவே தீவுகள் மாதிரி சின்னச் சின்ன செல் கூட்டங்கள் உண்டு. பெர்லினில் மருத்துவ மாணவராக இருந்த பால் லாங்கர்ஹான்ஸ் 1869-ல் இவற்றை விவரித்தார். அதனால் 'லாங்கர்ஹான்ஸ் திட்டுகள்' என்று பெயர். சுமார் 10 லட்சம் திட்டுகள் இருந்தாலும், கணையத்தின் எடையில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான். இவற்றிலுள்ள பீட்டா செல்கள்தான் இன்சுலினைச் சுரக்கின்றன. டைப்-1 நோயில், நம் எதிர்ப்பு சக்தியே ஆள் தெரியாமல் இவற்றை அழித்துவிடுகிறது.

'அதுக்குத்தான் ஊசி இருக்கே?' என்பீர்கள். மாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தானியங்கி சுவிட்ச் இருந்தால், தொட்டி நிறைந்ததும் மோட்டார் தானே நின்றுவிடும். ஊசி என்பது உத்தேசமாக நேரம் பார்த்து மோட்டார் போடுவது மாதிரி. உடம்புக்குள் போன இன்சுலினைத் திரும்பக் கூப்பிட முடியாது. திட்டுகளோ, சர்க்கரை இறங்கியதும் இன்சுலினைத் தாமே குறைத்துவிடும்.

எப்படிச் செய்கிறார்கள்?

மூளைச்சாவு அடைந்தவர் தானமாகத் தந்த கணையத்திலிருந்து திட்டுகளை மட்டும் பிரித்தெடுக்கிறார்கள். வயிற்றைப் பெரிதாகத் திறக்காமல், மெல்லிய குழாய் வழியே கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் சொட்டுச் சொட்டாக இறக்குகிறார்கள். அவை கல்லீரலில் போய்த் தங்கி, அங்கிருந்தே இன்சுலின் சுரக்கத் தொடங்கும்.

2000-ம் ஆண்டில் கனடாவின் எட்மன்டன் நகரில், டாக்டர் ஜேம்ஸ் ஷாபிரோ குழுவினர் 7 பேருக்கு இதைச் செய்தார்கள். ஏழு பேருமே இன்சுலின் ஊசி இல்லாமல் இருந்தார்கள். உலகமே வியந்தது! ஆனால் 2005-ல் வந்த ஐந்தாண்டுக் கணக்கில், ஊசி இல்லாமல் நீடித்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்தான்.

அப்படியானால் தோல்வியா? இல்லை. அவர்களில் நூற்றுக்கு எண்பது பேர் வரை சொந்தமாகக் கொஞ்சம் இன்சுலின் சுரந்துகொண்டுதான் இருந்தார்கள். அந்தக் கொஞ்சத்தின் பலன் 2016-ல் வெளியான 48 பேர் ஆய்வில் தெளிவாகத் தெரிந்தது. ஓராண்டு முடிவில் ஊசியை அறவே விட்டவர்கள் பாதிப் பேர்தான். ஆனால் 42 பேருக்கு ஹெச்பிஏ1சி 7-க்குக் கீழே இருந்தது. ஆபத்தான இறக்கமும் வரவில்லை. ஊசி போகாவிட்டாலும் ராத்திரி பயம் போனது. அதுதான் பெரிய லாபம்.

2023-ல் அமெரிக்க அரசு, 'லான்டிட்ரா' என்ற திட்டு சிகிச்சைக்கு அனுமதி தந்தது. ஸ்டெம் செல்லிலிருந்து ஆய்வகத்தில் வளர்த்த திட்டுகளைப் பெற்ற 12 பேரில் 10 பேர் ஓராண்டில் ஊசி இல்லாமல் இருந்ததாக 2025-ல் ஓர் ஆய்வு வெளியானது.

எல்லோருக்கும் உண்டா?

கிடையாது. புதிய திட்டுகளை உடம்பு ஒதுக்காமலிருக்க, எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரைகளைத் தொடர்ந்து சாப்பிட வேண்டும். தொற்று நோய், சிறுநீரகப் பாதிப்பு, சில வகைப் புற்றுநோய் என்று அவற்றுக்கும் விலை உண்டு. ஒருவருக்கே பல சமயம் இரண்டு தானக் கணையங்கள் தேவைப்படும். ஆகவே, அடிக்கடி அபாயமாகச் சர்க்கரை இறங்கும் டைப்-1 பெரியவர்களுக்குத்தான் இது. நடுத்தர வயதில் வரும் சாதாரண டைப்-2 சர்க்கரைக்கு அல்ல.

சித்த மருத்துவன் என்ற முறையில் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். ஆவாரம்பூ, வெந்தயம், நாவல்கொட்டை எல்லாம் நம் வீட்டுச் சொத்துதான். ஆனால் அழிந்த பீட்டா செல்லை முளைக்க வைப்பதாக நிரூபணமான மூலிகை எதுவும் இல்லை. 'நாட்டு மருந்து குடு, ஊசியை நிறுத்திடு' என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். டைப்-1 குழந்தைக்கு இன்சுலினை நிறுத்தினால், ஓரிரு நாளிலேயே ரத்தத்தில் கீட்டோன் ஏறி உயிருக்கு ஆபத்தாகிவிடும்.

வீட்டில் செய்ய வேண்டியது:

* சர்க்கரை 70-க்குக் கீழே போனால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள்.
* மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.
* எச்சரிக்கை அறிகுறியே இல்லாமல் சர்க்கரை இறங்குகிறதா? அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லுங்கள். இன்சுலின் அளவை மாற்றினாலே பலருக்கு இது சரியாகிவிடும்.