ஸ்டியரிங் ஆடுதா? வாங்க, குழிக்குள்ள எட்டிப் பார்ப்போம்!

15 வேலம்பாளையம் என்றொரு ஊர். பனியன் கம்பெனிகளுக்கு நடுவே ஒரு சின்னப் பட்டறை. குழிமேல் நிற்பது பழைய மாருதி 800. 1983-ல் வந்து, 2014-ல் உற்பத்தி நின்றுபோன அதே செல்ல வண்டிதான்! ஓனர் சொன்ன புகார் ஒன்றே ஒன்று: "ஸ்டியரிங்கத் திருப்புனா, வண்டி யோசிச்சுத்தான் திரும்புதுங்ணா."

உடனே ஸ்பேனர் எடுப்பார்கள் என்றுதானே நினைத்தீர்கள்? இல்லவே இல்லை. முதல் வேலை விரலுக்கு! நாலு சக்கரமும் தரையில் நிற்க, உதவியாளர் ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் லேசாக ஆட்டுகிறார். மெக்கானிக் குழிக்குள் நின்று ஒவ்வொரு ஜாயிண்டையும் தொட்டுக்கொண்டே வருகிறார். "ஆட்டு கண்ணு... இன்னும்... நிறுத்து!" ஸ்டியரிங் அசைவைச் சக்கரத்துக்குக் கடத்தும் இடது டை ராடு எண்ட். ராடு நகர்கிறது, சக்கரம் அப்புறம்தான் நகர்கிறது. நடுவில் ஒரு 'டக்'. கண்ணுக்குத் தெரியாதது விரல் நுனிக்குத் தெரிந்துவிட்டது!

அடுத்து ஜாக்கி. சக்கரத்தை இடமும் வலமும் பிடித்து அசைக்கும்போது ஆடினால் டை ராடு, ராக் (பற்கள் வைத்த தண்டு) பக்கம் சந்தேகம். மேலும் கீழும் பிடித்து அசைக்கும்போது ஆடினால் வீல் பேரிங்கோ பால் ஜாயிண்டோ. ராக் புஷ்ஷையும் பார்த்தே ஆக வேண்டும். பனியன் தைக்கும் ஓவர்லாக் மெஷினில் புஷ் தேய்ந்தால் தையல் தாண்டுமே, அதே கதைதான் இங்கேயும்.

ராக்கை பினியன் என்ற பற்சக்கரத்தோடு அழுத்திப் பிடிக்க ஒரு திருகு உண்டு. அதை இறுக்கினால் வேலை முடிந்தது என்று கை பரபரக்கும். சூட்சுமமே இங்கேதான்! வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் ராக்கின் நடுப்பற்கள்தான் அதிகம் தேயும். அந்தத் தேய்மானத்துக்கு இறுக்கினால், தேயாத ஓரப்பற்களில் பிடித்துக்கொள்ளும். வளைவில் திருப்பிய ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராது.

இப்போது அந்த டை ராடு எண்டுக்கு வைத்தியம். செக் நட்டைத் தளர்த்தி, ஸ்பிலிட் பின்னை உருவி, அது பூட்டியிருந்த நட்டைக் கழற்றி, ஸ்டியரிங் ஆர்மின் பக்கவாட்டில் சுத்தியலால் ஒரு போடு. டொப்! எண்ட் கழன்றுவிட்டது. பழையது எத்தனை சுற்றில் வெளியே வந்ததோ, அத்தனை சுற்றில் புதியது உள்ளே ஏறுகிறது. ஸ்பிலிட் பின் கட்டாயம் புதுசு. பிறகு நேராக அலைன்மெண்ட்.

அடுத்த தடவை வண்டியை விட்டுவிட்டு டீக்கடைக்குப் போய்விடாதீர்கள். குழிக்குப் பக்கத்திலேயே நில்லுங்கள். கழற்றிய எண்டைக் கேட்டு வாங்கி, புதியதோடு சேர்த்து ஆட்டிப் பாருங்கள். எதற்குக் காசு கொடுக்கிறோம் என்பது உங்கள் கைக்கே புரிந்துவிடும்!