அடைத்துக்கொண்ட குழாயில் எதையும் ஊற்றுவதற்கு முன்

தீபாவளிக்கு முதல் நாள் மாலை. முறுக்கும் அதிரசமும் சுட்டு முடிந்து எண்ணெய்ச் சட்டி கழுவும் தொட்டிக்கு வருகிறது. இரவு எட்டு மணிக்கெல்லாம் தொட்டியில் தண்ணீர் இறங்க மறுக்கிறது. விடிந்தால் விருந்தினர் வந்துவிடுவார்கள். வீட்டுக்காரர் கடைக்கு ஓடி, அடைப்பு நீக்கும் மருந்து ஒரு பொட்டலம் வாங்கி வந்து கொட்டுகிறார். அரை மணி நேரம் காத்திருந்தும் பலனில்லை. கழிவறைக்கு வைத்திருந்த திரவத்தையும் எடுத்து அதன்மேல் ஊற்றுகிறார். பெருநாள் காலத்தில் மலேசிய வீடுகளில் பலருக்கும் பழக்கமான காட்சிதான் இது. ஆனால் மருத்துவமனைக்கு ஓட வேண்டிய நிலை வருவதும் இப்படித்தான்.

அடைப்பு ஒரே நாளில் வருவதில்லை. நெய், ஆட்டுக் கொழுப்பு, மார்ஜரின் போன்றவை குழாய்க்குள் போனதும் உறைகின்றன. பொரித்த எண்ணெய் பார்வைக்குத் தண்ணீர் போல ஓடினாலும் பிசினாகச் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. அதன்மேல் சோற்றுப் பருக்கை, தோசை மாவு, தேங்காய்த் துருவல், காப்பித் தூள் என்று ஒவ்வொன்றாகப் படிந்து, குழாயின் வாய் மாதக்கணக்கில் சுருங்கி வருகிறது. பண்டிகை நாள் எண்ணெய் கடைசி அடியைத்தான் கொடுக்கிறது. பாத்திரம் கழுவும் சவர்க்காரம் கொழுப்பைக் கரைத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது கொழுப்பைச் சிறிது தூரம் தள்ளிக்கொண்டு போய்க் கைக்கெட்டாத இடத்தில் விடுகிறது, அவ்வளவுதான். 2017ஆம் ஆண்டு லண்டனின் ஒயிட்சேப்பல் பகுதிக் கழிவுநீர்க் குழாயில் கொழுப்பும் ஈரத்துடைப்பான்களும் சேர்ந்து 250 மீட்டர் நீளத்தில், 130 டன் எடையில் பாறையாக இறுகிக் கிடந்தன. அதன் ஒரு துண்டை அருங்காட்சியகத்தில் காட்சிக்கே வைத்தார்கள்!

ஆகவே எதையும் ஊற்றுவதற்கு முன் அடைப்பு எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. சமையலறைத் தொட்டி மட்டும் நின்று மற்ற இடங்களில் தண்ணீர் ஒழுங்காகப் போனால், கோளாறு பெரும்பாலும் தொட்டிக்கு அடியிலேயே இருக்கும். அங்கே வளைந்தோ கிண்ணம் போன்றோ ஒரு பகுதி உண்டு. அதில் எப்போதும் சிறிது தண்ணீர் தேங்கி நிற்பதால்தான் சாக்கடை நாற்றம் வீட்டுக்குள் வருவதில்லை. லண்டன் கடிகாரத் தொழிலாளி அலெக்சாண்டர் கம்மிங் 1775இல் கழிவறைக்காகக் காப்புரிமை பெற்ற ஏற்பாட்டில் இருந்ததும் இதே வளைவுதான். இன்றைய பிளாஸ்டிக் கிண்ணத்தை, அடியில் ஒரு வாளி வைத்துக் கையாலேயே திருகிக் கழற்றிவிடலாம். உள்ளே இருப்பதை வழித்தெடுத்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

மாடிக் கழிவறையில் தண்ணீர் இழுத்தால் கீழ்க் குளியலறைத் தரையில் தண்ணீர் மேலே வருகிறதா? துணி துவைக்கும் இயந்திரம் தண்ணீரைக் கக்கும்போது வேறொரு துவாரம் குமிழியிடுகிறதா? அப்படியானால் பல குழாய்கள் சேருமிடத்தைத் தாண்டி அடைப்பு இருக்கிறது. வாசலிலோ பின்புறத்திலோ இருக்கும் ஆய்வுக் குழியின் மூடியைத் திறந்து பார்க்கலாம். குழி காய்ந்திருந்தால் அடைப்பு வீட்டுப் பக்கம். நிரம்பி நின்றால் அதற்கு அப்பால். பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், யாரும் குழிக்குள் இறங்கக்கூடாது. அண்டை வீட்டாருக்கும் அதே நேரத்தில் அதே தொல்லை என்றால், பெரும்பாலும் பொதுக் குழாயில்தான் கோளாறு.

இந்தப் பாகுபாடு தெரியாததால் பலர் வீண் செலவு செய்கிறார்கள். வீட்டிலிருந்து பொதுக் கழிவுநீர்க் குழாயில் சேரும் வரை உள்ள இணைப்புக் குழாய் வீட்டுக்காரரின் பொறுப்பு. பொதுக் குழாயைத் தீபகற்ப மலேசியாவின் பெரும்பகுதியில் 1994 முதல் இண்டா வாட்டர் கொன்சோர்டியம் கவனித்து வருகிறது. பழைய தரைவீடுகள் பலவற்றில் சமையலறைத் தண்ணீர் கழிவுநீர்க் குழாயில் சேராமல் பின்சந்துக் கால்வாய்க்கே போகிறது. அந்தக் கால்வாய் ஊராட்சி மன்றத்தின் பார்வையில் இருப்பது. அடுக்குமாடி வீடுகளில் எல்லா மாடிகளுக்கும் பொதுவான நெடுங்குழாய் என்றால் கட்டட நிர்வாகத்திடம் முதலில் சொல்ல வேண்டும். மலத்தொட்டி உள்ள வீடுகளில் குழாய் சுத்தமாக இருந்தும் கழிவறை பொங்கினால், தொட்டி நிறைந்திருக்கலாம். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது கசடு எடுக்க வேண்டும் என்பது பலருக்கு மறந்தே போகிறது.

இனி, தொழில்முறையில் அடைப்பு எடுப்பவர் என்ன செய்கிறார்? இவர்கள் பெரும்பாலும் கையாள்வது எஃகுச் சுருள் கம்பி. இயந்திரம் அதைச் சுழற்றிக்கொண்டே குழாய்க்குள் தள்ளுகிறது. முடி, துணி, மரவேர் போன்றவற்றுக்கு இது நல்ல வழி. கொழுப்பு அடைப்பில் கம்பி நடுவே ஒரு துளை மட்டும் போட்டுவிட்டு வரும். தண்ணீர் ஓடும், வீட்டுக்காரரும் பணம் கொடுத்துவிடுவார், சில வாரத்தில் மறுபடியும் அதே கதை. கொழுப்புக்குப் பொருத்தமானது உயர் அழுத்த நீர். குழாய் முனையிலுள்ள துளைகள் பின்னோக்கித் தண்ணீரைப் பீய்ச்சுவதால் அது தானே முன்னேறிச் செல்கிறது. திரும்ப இழுக்கும்போது சுவரிலுள்ள படிவத்தையும் வழித்துக்கொண்டு வருகிறது. குழாய் உடைந்திருக்கிறது, தரையைத் தோண்ட வேண்டும் என்று ஒருவர் சொன்னால், கேமரா விட்டுக் காட்டும்படி கேட்பதில் தவறில்லை. மின்கம்பத்தில் ஒட்டிய எண்ணைப் பார்த்து அழைப்பவர்கள், கட்டணம் மீட்டர் கணக்கா, மொத்த வேலைக்கா, அடைப்பு திரும்பினால் மறுபடியும் வருவாரா என்பதை வேலை தொடங்குமுன் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. தண்ணீர் பொங்கும் நேரத்தில் பேரம் பேச யாருக்கும் தெம்பிருக்காது.

கடையில் விற்கும் அடைப்பு நீக்கிகளில் பெரும்பாலானவை காஸ்டிக் சோடா கலந்தவை. தண்ணீர் பட்டதும் கடுமையாகச் சூடாகும். அந்தச் சூட்டில் பிவிசி குழாய் இளகலாம். அளவு பிசகினால் கொழுப்போடு சேர்ந்து கட்டிச் சவர்க்காரமாக இறுகி, அடைப்பை முன்னைவிட மோசமாக்கவும் கூடும். அமிலம் கலந்த கழிவறைத் திரவத்தை இதன்மேல் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அதே அமிலம் குளோரின் வெளுப்பு நீரோடு சேர்ந்தால் நச்சுக் குளோரின் வாயு வெளியாகும். காற்றோட்டமில்லாத குளியலறைக்கு அது கொடிய விஷம்.

இதில் பெரிதும் பாதிக்கப்படுபவர் மருந்தை ஊற்றியவராக இருக்க வேண்டும் என்பதில்லை. மறுநாள் வரும் தொழிலாளி தேங்கி நிற்பது வெறும் தண்ணீர் என்று எண்ணி, ரப்பர் பம்பால் குத்துகிறார். தெறிக்கும் துளி நேராகக் கண்ணுக்குப் போகிறது. காஸ்டிக் சோடா பார்வையையே பறிக்கக்கூடியது. வீட்டுக்காரர் வெட்கப்பட்டோ, திட்டு விழும் என்றோ, 'ஒன்றும் போடவில்லை அண்ணே' என்று சொல்லிவிடுவதால் நேரும் விபத்து இது. என்ன ஊற்றினோம், எவ்வளவு, எப்போது என்பதை அவர் கருவியைத் திறக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். பொட்டலத்தையோ போத்தலையோ தூக்கி எறியாமல் அவரிடம் காட்டலாம். கண்ணிலோ தோலிலோ பட்டுவிட்டால் எலுமிச்சை, வினிகர் என்று எதையும் தேடாமல், ஓடும் தண்ணீரில் குறைந்தது இருபது நிமிடம் தொடர்ந்து கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்தப் பொட்டலத்தையும் உடன் எடுத்துச் செல்வது மருத்துவருக்கு உதவும்.

எண்ணெய்ச் சட்டிக்கு வருவோம். ஆறிய எண்ணெயை வடிகட்டிப் பழைய போத்தலில் ஊற்றி வைத்தால், காசு கொடுத்து வாங்கிக்கொள்ளும் சேகரிப்பாளர்கள் இன்று பல தாமான்களில் உண்டு. சட்டியில் ஒட்டியிருப்பதைப் பழைய நாளிதழால் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டுப் பிறகு கழுவலாம். படித்து முடித்த இந்தப் பக்கத்தையும் அதற்குப் பயன்படுத்திக்கொள்ளலாம்.