உழுதவன் கணக்குப் பார்க்கலாம், வாருங்கள்!

சம்பளம் கைக்கு வந்ததும் மும்பைத் தமிழன் செய்கிற முதல் வேலை என்ன? ஊருக்குப் பணம் அனுப்புவதுதான். முன்பு தபால் ஆபீசில் கால் கடுக்க நின்று மணியார்டர் செய்தோம். இப்போது செல்போனில் இரண்டு தட்டு தட்டினால் போதும், பணம் ஊருக்குப் போய்விடுகிறது.

"நடவுக்கு ஆள் கூலி கொடுக்கணும்ணே" என்று ஊரிலிருந்து தம்பி போன் செய்வார். அனுப்புகிறோம். "உரம் வாங்கணும்" என்பார். அதற்கும் அனுப்புகிறோம். அறுவடை முடிந்ததும், "எவ்வளவுடா கிடைத்தது?" என்று கேட்டால், "ஏதோ வந்துச்சுண்ணே. கடனுக்கும் வட்டிக்கும் சரியாப் போச்சு" என்று பதில் வரும்.

கசப்பு தொடங்குவது இங்கேதான். "நாம் தாராவியில் ஒரே அறையில் ஆறு பேர் படுத்து மிச்சம் பிடித்த காசு எங்கே போயிற்று?" என்று அண்ணன் நினைக்கிறார். "வெயிலில் காய்வது நான், கணக்குக் கேட்பது இவரா?" என்று தம்பி நினைக்கிறார். பொங்கலுக்கு நாகர்கோவில் எக்ஸ்பிரசில் ஊருக்குப் போனவர் தம்பியிடம் முகம் கொடுத்துப் பேசாமல் திரும்பி வருகிறார். எத்தனை குடும்பங்களில் நடக்கிற கதை இது!

குற்றம் அண்ணன் மேலும் இல்லை, தம்பி மேலும் இல்லை. நிலத்துக்குக் கணக்கு இல்லை. அவ்வளவுதான்.

உழக்கு மிஞ்சாதா?

"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். அதைக் கேட்டுக் கேட்டே கணக்குப் பார்க்காமல் இருந்துவிட்டோம். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் குடியிருந்து, ஆபீசில் கம்பெனிக்காரனின் ஒரு ரூபாய் விடாமல் கணக்கு எழுதுகிற நம்மவர்களும், சொந்த வயலுக்கு ஒரு பக்கம்கூட எழுதி வைத்தது கிடையாது.

ஆனால் அந்த வயலுக்கு வேறு சிலர் கணக்கு எழுதியிருக்கிறார்கள். நெல்லை மாவட்டத்தில் கங்கைகொண்டான் என்று ஒரு ஊர் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், தம் மாணவர்களைக் கொண்டு சில கிராமங்களின் வரவு செலவை விசாரித்து 1918-ல் ஒரு நூலாக வெளியிட்டார். அந்தக் கிராமங்களில் கங்கைகொண்டானும் ஒன்று.

நாடு விடுதலை பெற்ற பிறகு, 1954-55-ல் மத்திய அரசு பண்ணை நிர்வாக ஆய்வுகளைத் தொடங்கியது. அன்றைய சென்னை ராஜ்யத்தில் சேலம், கோவை மாவட்டங்களையும், பம்பாய் ராஜ்யத்தில் அகமதுநகர், நாசிக் மாவட்டங்களையும் எடுத்துக்கொண்டார்கள். எத்தனை நாள் உழவு, எத்தனை ஆள், எத்தனை மூடை என்று ஒவ்வொன்றையும் குறித்தார்கள்.

அந்தக் கணக்கிலிருந்து ஒரு வியப்பான செய்தி வெளிவந்தது. அதை எடுத்துச் சொன்னவர் அமர்த்தியா சென். 1962-ல் நம் பம்பாயிலிருந்து வெளிவந்த 'எகனாமிக் வீக்லி' இதழில் அவர் எழுதினார். வீட்டு ஆட்களின் உழைப்புக்கும் ஊர்க் கூலி போட்டுச் செலவில் சேர்த்தால், இந்திய விவசாயத்தில் பெரும் பகுதி நஷ்டமாகத் தெரிகிறது என்பதே அந்தச் செய்தி.

உழக்கு மிஞ்சாது என்ற பழமொழியையே அவர் கணக்கோடு சொல்லியிருக்கிறார் அல்லவா?

மூன்று விதச் செலவு

விவசாயத்தில் செலவு என்பது ஒன்றல்ல, மூன்று. அரசாங்கமே அப்படித்தான் பார்க்கிறது. விளைபொருள்களுக்கு விலை சிபாரிசு செய்ய 1965 ஜனவரியில் ஒரு ஆணையம் அமைத்தார்கள். 1985 முதல் அதற்கு வேளாண் செலவு மற்றும் விலை ஆணையம் என்று பெயர். அந்த ஆணையத்தின் கணக்கு இப்படிப் போகிறது.

முதலாவது, கையை விட்டுப் போகிற செலவு. விதை, உரம், மருந்து, ஆள் கூலி, டிராக்டர் வாடகை, கொடுத்த குத்தகை எல்லாம் இதில் அடங்கும். இதற்கு 'ஏ-2' என்று பெயர்.

இரண்டாவது, இதோடு வீட்டு ஆட்களின் உழைப்பையும் கூலியாக மதிப்பிட்டுச் சேர்ப்பது. இது 'ஏ-2 கூட்டல் எஃப்.எல்.'

மூன்றாவது, இவற்றோடு சொந்த நிலத்துக்கு வாடகையும், போட்ட முதலுக்கு வட்டியும் சேர்ப்பது. இதுதான் 'சி-2'.

2025-26 பருவத்தில் சாதாரண நெல்லுக்கு இரண்டாவது முறைப்படி ஆணையம் போட்ட செலவு குவிண்டாலுக்கு 1,579 ரூபாய். மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை 2,369 ரூபாய். அதாவது ஒன்றரை மடங்கு. கரிசல் காட்டு உளுந்துக்குச் செலவு 5,114, விலை 7,800. விவசாயச் சங்கங்கள் கேட்பது என்ன? மூன்றாவது கணக்கின் மேல் ஒன்றரை மடங்கு வேண்டும் என்பது. செய்தித்தாளில் வருகிற அந்தச் சண்டை முழுவதும், எந்தச் செலவைச் செலவு என்பது என்ற இந்த ஒரு கேள்வியில்தான் நிற்கிறது.

அது நாட்டுக்கு எல்லாம் சேர்த்துப் போட்ட சராசரி. உங்கள் வயலின் செலவு டில்லிக்குத் தெரியாது. அதை நீங்கள்தான் போட வேண்டும்.

செல்போனே கணக்குப்பிள்ளை

"நான் எட்டாவது படித்தவன், எனக்கு எங்கே கம்ப்யூட்டர் கணக்கு வரும்?" என்று மலைக்க வேண்டாம். வாட்ஸ்அப் பார்க்கத் தெரிந்தால் இதுவும் தெரியும்.

1979-ல் அமெரிக்காவில் டான் பிரிக்லின், பாப் பிராங்க்ஸ்டன் என்ற இருவர் 'விசிகால்க்' என்ற ஒன்றை உருவாக்கினார்கள். கட்டம் கட்டமாகக் கோடு போட்ட கணக்குத் தாள் கம்ப்யூட்டர் திரையில் வந்தது. ஒரு கட்டத்தில் எண்ணை மாற்றினால், அதைச் சார்ந்த கூட்டல் கழித்தல் எல்லாம் தானாகவே மாறிவிடும். இன்று எக்செல், கூகுள் ஷீட்ஸ் என்று நம் செல்போனில் இருப்பவை அதன் வாரிசுகளே. அண்ணன் தாராவியிலும், தம்பி ஊரிலும் இருந்தபடி ஒரே தாளை இருவரும் திறந்து எழுதலாம் என்பது இதில் பெரிய வசதி.

பண்ணைக் கணக்குக்கென்றே தனியாக விற்கிற செயலிகளும் உண்டு. ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கருக்கு அவை தேவையில்லை. தமிழக அரசு 2018-ல் வெளியிட்ட 'உழவன்' செயலியில் சந்தை விலை, மானியம், பயிர்க் காப்பீடு, வானிலைத் தகவல்கள் கிடைக்கும். விலையை அதில் பார்த்துக்கொண்டு, கணக்கை உங்கள் தாளில் போடுங்கள்.

ஒரு ஏக்கர் போட்டுப் பார்ப்போமா?

தாமிரபரணிப் பாசனத்தில் பிசான நெல், ஒரு ஏக்கர். கீழே உள்ளவை வழி காட்டுவதற்காக வைத்துக்கொண்ட எண்கள். உங்கள் ஊர் எண்ணை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

உழவு 5,000. விதை, நாற்றங்கால் 2,500. நடவுக் கூலி 6,000. களை எடுப்பு 3,500. உரம் 5,000. மருந்து 2,000. அறுவடை மெஷின் 5,000. ஏற்றுக்கூலி, வண்டி 2,000. கடன் வட்டி 1,000. ஆக மொத்தம் 32,000 ரூபாய்.

வரவு? 22 குவிண்டால் நெல். மாநில ஊக்கத்தொகையும் சேர்த்து 2025-26-ல் அரசு கொள்முதல் நிலையத்தில் சாதாரண ரகத்துக்கு 2,500 ரூபாய். ஆக 55,000. வைக்கோல் 4,000. மொத்தம் 59,000.

கையில் நிற்பது 27,000 ரூபாய். "பரவாயில்லையே!" என்கிறார் மும்பை அண்ணன்.

பொறுங்கள். தம்பி முப்பது நாள் வயலில் நின்றிருக்கிறார். வரப்பு வெட்டினார், இரவில் மடை திறந்தார், உரம் போட்டார். நாள் கூலி 500 என்றால் 15,000. தம்பி மனைவி இருபது நாள். 300 வீதம் 6,000. இந்த 21,000-ஐக் கழித்தால் மிச்சம் 6,000. நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருந்தால் 10,000 வந்திருக்கும் என்று வைத்தால், மிச்சம் போய் 4,000 நஷ்டம்!

அண்ணன் அனுப்பிய பணத்தைத் தம்பி தின்றுவிடவில்லை. தம்பியும் அவர் மனைவியும் தங்கள் உழைப்பைப் போட்டுத்தான் அந்த நிலம் தரிசாகாமல் நிற்கிறது. எழுதிப் பார்த்த பிறகல்லவா இது கண்ணுக்குத் தெரிகிறது!

அப்படியானால் நிலத்தை விற்றுவிடலாமா? அவசரப்பட வேண்டாம். அந்த முப்பது நாளும் தம்பிக்கு ஊரில் வேறு வேலை கிடைக்கும் என்றால்தான் 15,000 உண்மையான நஷ்டம். வேறு வேலை இல்லையென்றால், 27,000 ரூபாயும் அந்தக் குடும்பத்துக்கு வந்த சோறு. அமர்த்தியா சென்னும் இதைத்தான் யோசிக்கச் சொன்னார். பயிரிடலாமா என்பதற்கு ஒரு கணக்கு, தம்பிக்கு எவ்வளவு சேர வேண்டும் என்பதற்கு இன்னொரு கணக்கு. இரண்டையும் குழப்பக் கூடாது.

விதைக்கும் முன்பே விளைச்சல் கணக்கு

செலவான பிறகு எழுதுவது வெறும் வரவு செலவு. விதைப்பதற்கு முன்பே எழுதுவதுதான் பட்ஜெட்.

கொள்முதல் நிலையத்தில் போட முடியாமல் வியாபாரியிடம் 2,000 ரூபாய்க்குப் போட நேர்ந்தால்? விலைக் கட்டத்தில் 2,000 என்று மாற்றுங்கள். கையில் நிற்பது 16,000 ஆகக் குறைந்துவிடும். அது வீட்டு ஆட்களின் கூலிக்கே போதாது. மழை கெடுத்து விளைச்சல் குறைந்தால்? 2,500 ரூபாய் விலையில் கைச்செலவு திரும்பி வரவே 11 குவிண்டாலுக்குச் சற்று மேல் விளைய வேண்டும். வீட்டு உழைப்பும் தேற வேண்டுமானால் 20 குவிண்டால் வேண்டும். இந்த இரண்டு எண்களும் தெரிந்தால், பயிர்க் காப்பீட்டைக் கட்டாமல் விடலாமா என்று யோசிப்பீர்கள். பிரதமர் காப்பீட்டுத் திட்டத்தில் உணவு தானியத்துக்கு விவசாயி கட்டுவது, காப்பீட்டுத் தொகையில் காரீப் பருவத்துக்கு 2 சதவீதம், ராபிக்கு ஒன்றரை சதவீதம்தான்.

நெல்லுக்குப் பதில் வாழையா, உளுந்தா என்ற யோசனைக்கும் பக்கத்தில் இன்னொரு தாள் போட்டுப் பாருங்கள்.

இன்னொன்றும் செய்யுங்கள். எந்தச் செலவு எந்த மாதத்தில் வரும் என்று மேலே மாதப் பெயர் எழுதிப் பிரியுங்கள். உழவும் நடவும் அடுத்தடுத்து வந்து முதல் இரண்டு மாதத்தில் பாதிப் பணத்தைக் கேட்கும். இது முன்கூட்டியே தெரிந்தால் அண்ணன் ஓவர்டைம் காசை ஒதுக்கி வைக்கலாம். தம்பி கந்துவட்டிக்காரன் வாசலில் நிற்க வேண்டியதில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க் கடன் வாங்கி, தவணை தவறாமல் கட்டினால் தமிழகத்தில் வட்டியே இல்லை. அதற்கும் நாள் பார்த்து மனுக் கொடுக்க வேண்டுமே!

இன்றே தொடங்குங்கள்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்குங்கள். தம்பிக்குப் போன் போட்டு, போன பூவில் ஆன செலவை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுங்கள். தணிக்கைக்காரன் மாதிரி மிரட்டிக் கேட்காதீர்கள். "நீ எத்தனை நாள் வயலில் நின்றாய்?" என்று முதல் கேள்வியாக அதைக் கேளுங்கள். அந்தக் கட்டத்தை நிரப்பிய பிறகு மற்றதைக் கேளுங்கள்.

உழக்கு மிஞ்சாமல் போகலாம். ஆனால் அண்ணன் தம்பிக்குள் சந்தேகமும் மிஞ்சாது. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது அது பெரிய லாபம் இல்லையா?